கொழும்புத் தமிழில் ஒரு மீம் செய்வது எப்படி

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, நண்பகலுக்குச் சற்று முன்னர் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று வலுசக்தி அமைச்சர் ஊடகங்களுக்குக் கூறினார். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மின்தூக்கி நின்றது, மின்விசிறி நின்றது, தண்ணீர் மோட்டர் நின்றது. கைத்தொலைபேசி மட்டும் ஓயவில்லை. பிற்பகலுக்குள் எனக்கு வந்து சேர்ந்த குரங்குப் படங்களில் பெரும்பாலானவை சிங்களத்தில் இருந்தன. தமிழ்ப் பகிடிகளோ ஆங்கில எழுத்தில் அடிக்கப்பட்டிருந்தன, அல்லது சென்னைத் திரைப்பட வசனத்தை அப்படியே தூக்கி ஒட்டியவையாக இருந்தன. பகிடி விடுவதில் இவ்வளவு தேர்ந்த ஒரு நகரத்தின் தமிழ், தன் எழுத்திலும் தன் வாய்மொழியிலும் சிரிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்கான வழியை, அன்று நான் செய்த ஒரே ஒரு மீமைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

படத்தைத் தேடப் போவதற்கு முன்னர் வசனத்தை எழுதுங்கள். படத்தில் தொடங்கினால் அந்தப் படம் ஏற்கெனவே சுமந்து வருகின்ற பழைய பகிடிக்குள்தான் உங்கள் மனம் சுற்றிக்கொண்டிருக்கும். நான் முதலில் எழுதியது இது: ‘பாணந்துறையில் குரங்கு பாய்ந்ததால் நாடு முழுவதும் இருட்டு.’ இது செய்தித் தலைப்பு. இதைப் படிப்பவருக்கு ஏற்கெனவே தெரியும், தெரிந்ததை மறுபடி சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஒரு மீம் வேலை செய்வதற்குச் செய்தியோடு இன்னொரு பொருளைக் கொண்டுவந்து மோதவிட வேண்டும். இலங்கை என்றால், குரங்கு என்றால், தமிழ் வாசிப்பவர் எவருக்கும் நினைவுக்கு வருவது வாலில் நெருப்போடு பாய்ந்த அனுமன்தான். ஆகவே இரண்டாவதாக எழுதினேன்: ‘அன்று அனுமன் இலங்கையை எரித்தான், இன்று ஒரு குரங்கு இலங்கையை இருட்டாக்கியது.’ மோதல் கிடைத்துவிட்டது, ஆனால் எல்லாவற்றையும் நானே சொல்லிவிட்டேன். வாசிப்பவர் கண்டுபிடித்து மகிழ்வதற்கு ஒன்றுமே மிச்சமில்லை. மேலும் அது மேடைப்பேச்சின் தமிழாக இருந்தது, வீட்டில் ஒருவர் இப்படிக் கதைக்கமாட்டார். மூன்றாவது முறை பெயரை எடுத்துவிட்டு, வாய்மொழிக்கு மாற்றினேன்:

‘போன முறை வந்தவர் பத்த வைச்சிட்டுப் போயிட்டார்.
இந்த முறை வந்தவர் நூத்திட்டுப் போயிட்டார்.’

மதிலில் ஒரு குரங்கு அமைதியாக உட்கார்ந்திருக்கும் படத்தின் மேல் இந்த இரண்டு வரிகளை வைத்தால் போதும். இதில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். ‘வந்தது’ என்று எழுதியிருந்தால் அது விலங்கைப் பற்றிய பேச்சு. ‘வந்தவர்’ என்று மரியாதை கொடுத்ததும், வீட்டுக்கு வந்துபோன தூரத்து உறவினரைப் பற்றி விறாந்தையில் கதைப்பது போன்ற தொனி வந்துவிடுகிறது, அனுமனை வணங்குபவர் மனமும் நோகாது. அடுத்தது ‘நூத்திட்டு’. ‘அணைச்சிட்டு’ என்றும் எழுதலாம், பிழையில்லை. ஆனால் என் அம்மம்மா எந்த நாளும் ‘லைட்டை நூத்துவிடு’ என்றுதான் சொல்வார், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்த எத்தனையோ வீடுகளில் அந்தச் சொல் இன்னமும் உயிரோடு இருக்கிறது. அதை எழுத்தில் கண்டவர்கள் சிரித்ததோடு நிற்காமல் தங்கள் வீட்டு முதியவர்களுக்கும் காட்டினார்கள். அருமையான சொல்லொன்று உங்கள் வீட்டில் இருந்தால் மீமில் பயன்படுத்தத் தயங்காதீர்கள்.

சினிமாப் படத்தை வைத்துச் செய்யும் மீம்கள் வேறு வகை. 2019 மே மாத இறுதியில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பொறியியல் சார்ந்த ஒரு முகநூல் பக்கம் சுத்தியலின் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டது. ஒரு தமிழர் பெயரைச் சொன்னதோடு, இது தலையில் விழுந்துதான் ஒப்பந்தகாரர் நேசமணிக்குக் காயம் என்றும் எழுதினார். 2001இல் வெளிவந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு நடித்த பாத்திரம் அது. இன்னொருவர், அவர் இப்போது நலமா என்று கேட்க, நேசமணிக்காகப் பிரார்த்திப்போம் என்ற வரி உலக அளவில் டுவிட்டரின் முன்னணிப் பேச்சுகளில் ஒன்றானது. நான் இதிலிருந்து கற்றுக்கொண்டது, பகிடி விடுபவர் முகத்தில் சிரிப்பு தெரியக்கூடாது என்பதைத்தான். எழுதிய ஒவ்வொருவரும் உண்மையான கவலையோடு விசாரிப்பது போலவே எழுதினார்கள். வசனத்தின் முடிவில் சிரிக்கும் முகக்குறிகளை அடுக்கினால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும்.

வடிவேலுவும் கவுண்டமணியும் கொழும்புத் தமிழருக்கும் சொந்தக்காரர்கள்தான். அவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் வடிவேலுவின் வாயில் ‘ஓம்’ என்றும் ‘என்னண்டு’ என்றும் எங்கள் சொற்களை வைத்தால் ஒட்டாது, அவருடைய மதுரை உச்சரிப்பு நம் காதில் ஏற்கெனவே ஒலித்துக்கொண்டிருக்கும். இதற்கு நான் கண்ட நல்ல வழி, படத்தின் மேற்பகுதியில் நிலைமையை எங்கள் தமிழில் எழுதிவிட்டு, கீழே அவருடைய வசனத்தை அவருடைய தமிழிலேயே விடுவதாகும். மேலே வெள்ளவத்தை, கீழே மதுரை என்று இரண்டும் எதிரெதிரே நிற்கும்போது சிரிப்பு கூடுமே ஒழியக் குறையாது.

திரைப்படம் இல்லாமலும் இந்த நகரத்தில் எல்லோருக்கும் பொதுவான நினைவுகள் நிறைய உண்டு. பாணந்துறையிலிருந்து காலி வீதி வழியாகப் புறக்கோட்டைக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸில், நிற்கவே இடமில்லாதபோதும் நடத்துநர் ‘பின்னுக்குப் போங்க’ என்பார். அன்றைய குரங்கு அந்த பஸ்ஸின் மிதிபலகையில் தொங்குவதாக வரைந்து அந்த இரண்டு சொற்களை மட்டும் எழுதினாலும் அது ஒரு முழு மீம். இசையை ஒலிக்கவிட்டபடி தெருத்தெருவாகப் பாணும் பணிஸும் விற்றுவரும் சூன் பாண் முச்சக்கரவண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பீத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’ மெட்டு உலகத்துக்கு எதுவாக இருந்தாலும், கொழும்பில் அது மாலுபாணும் கிம்புலா பணிஸும் வருகின்ற ஓசை. காணொளி மீம் செய்பவருக்கு இதைவிட நல்ல பின்னணி இசை கிடையாது: எந்தக் காட்சியிலும் அந்த மெட்டின் முதல் சில சுரங்களைச் சேர்த்தால் கொழும்பில் வளர்ந்த எவரும் உடனே வாசலைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இனி எழுதும் வேலை. கூகுளின் ஜீபோர்ட் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொண்டால், ஒலிபெயர்ப்பாகத் தட்டுதல், விரலால் எழுதுதல், பேசிப் பதிதல் ஆகிய மூன்றும் கிடைக்கும். குரல்வழிப் பதிவில் இலங்கைத் தமிழுக்கெனத் தனித் தெரிவும் உண்டு. எதில் அடித்தாலும் அது யூனிகோட் எழுத்தாகவே, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையிலேயே, இருக்கட்டும். இலங்கையில் பல ஆண்டுகளாகப் புழங்கிய பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்து ஓடுவது. அந்த எழுத்துரு இல்லாத கருவியில் உங்கள் வசனம் ஆங்கில எழுத்துகளின் கலவையாகத்தான் தெரியும். பாமினியில் அடித்துப் பழகிய விரல்களுக்கு, அதே விசையமைப்பில் யூனிகோட் தருகின்ற செயலிகளும் மாற்றிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன.

யூனிகோட்டில் அடித்த தமிழும் சில இடங்களில் உடைந்துபோகும், அதன் காரணத்தைத் தெரிந்துகொண்டால் திருத்துவது எளிது. நமது 247 எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு இல்லை. உயிருக்கும் அகரமேறிய மெய்க்கும் உயிர்க்குறிக்கும் புள்ளிக்கும் குறியீடு கொடுத்து, அவற்றைச் சேர்த்து உருவமாக்கும் பொறுப்பை மென்பொருளிடம் விட்டிருக்கிறார்கள். ‘கொத்து ரொட்டி’ என்று அடித்தால், ‘க’வுக்குப் பின்னர் பதிவாகின்ற ஒகரக் குறியை மென்பொருள் இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும்; ‘ரொ’வுக்கும் அப்படியே. அதைச் செய்யத் தெரியாத செயலியில் கொம்பு இடம்மாறி, புள்ளிகளாலான வட்டமொன்றுடன் தனியாக நிற்கும். நண்பர்களின் சட்டைகளில் பதிப்பதற்காக இதே சொற்களை ஓர் அச்சகத்துக்கு எழுத்தாக அனுப்பினேன். பழைய மென்பொருளில் ஒட்டியதால் பதினைந்து சட்டைகளிலும் கொம்புகள் இடம்மாறியே வந்தன. அன்றிலிருந்து அச்சுக்கு எதையும் எழுத்தாக அனுப்புவதில்லை, படமாக்கியே அனுப்புகிறேன். போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் இந்தச் சிக்கல் வந்தால், விருப்பத்தெரிவுகளில் எழுத்துப் பகுதிக்குச் சென்று தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தெரிவுசெய்து, மென்பொருளை மூடித் திறந்து, புதிய ஆவணத்தில் தொடங்குங்கள்.

எழுத்துருவுக்கு அதிகம் அலைய வேண்டாம். கூகுள் எழுத்துருத் தொகுப்பில் பாலூ தம்பி, கேட்டமரான், முக்தா மலர், நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை இலவசம். மீமுக்கு என் தெரிவு பாலூ தம்பிதான்; தடித்த உருண்டை வடிவம், சிறு திரையிலும் நிற்கும். ஆங்கில மீம்களில் வழமையாகக் காணப்படும் வெள்ளை எழுத்து, கருப்பு விளிம்பு என்ற முறையைத் தமிழுக்குக் கொண்டுவராதீர்கள். ‘ஞ’, ‘ண’, ‘இ’ போன்ற எழுத்துகளின் உள்வெளிகளை அந்த விளிம்பு அடைத்துவிடுகிறது. படத்துக்கு மேலே வெள்ளைப் பட்டையொன்று வைத்து அதில் கருப்பாக எழுதுவதே தெளிவு. வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடுவதைவிடக் கூடுதலாக இடைவெளி விடுங்கள். மேல்வரியின் ‘டூ’வும் கீழ்வரியின் ‘கீ’யும் முட்டக்கூடாது. எழுத்திடைவெளியைக் கூட்டவே வேண்டாம், கூட்டினால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். 1080க்கு 1080 பிக்சல் சதுரத்தில் எழுத்தின் உயரம் 70 பிக்சலுக்குக் குறையாமல் இருந்தால், கண்ணாடியைத் தேடாமலே பெரியவர்கள் வாசிப்பார்கள்.

அனுப்பும்போது வட்ஸ்அப் படத்தைச் சுருக்கும். 2023 ஓகஸ்டிலிருந்து உயர்தரத்தில் அனுப்பும் தெரிவு அதில் இருக்கிறது, அதை அழுத்திவிட்டு அனுப்புங்கள். வேறொருவரின் மீமை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, அதை இன்னொருவர் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, மங்கி மங்கிப் போன படத்தில் எழுதாதீர்கள். மூலப்படத்தைத் தேடுங்கள், செய்தவர் பெயர் ஓரத்தில் இருந்தால் வெட்டாமல் விடுங்கள்.

படத்தில் இருப்பவர் யார் என்பதையும் பார்த்துவிடுங்கள். நடிகரும் அமைச்சரும் பொதுவாழ்வுக்கு வந்தவர்கள். பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த யாரோ ஒருவரின் முகம் உங்கள் பகிடிக்கான பொருளல்ல. செய்தியை மீமாக்கும்போது செய்தி உண்மையா என்பதையும் உறுதிசெய்ய வேண்டும், நடிகர்களின் மரண வதந்திகள் இப்படித்தான் படமாகிப் பரவுகின்றன. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்க்கூற்றுகளைப் பரப்புவது பற்றியும் பேசுகிறது என்பது நினைவில் இருக்கட்டும்.

குழுவில் போட்ட பின்னர் விளக்கம் எழுதாதீர்கள். ஒருவருக்கு விளங்கவில்லையென்றால் அவர் கேட்பார். மூவருக்கு விளங்கவில்லையென்றால் வசனத்தை மாற்றி எழுதுங்கள். அதற்காகவே எழுத்தைப் படத்தோடு ஒட்டிவிடாமல், திருத்தக்கூடிய வடிவிலும் ஒரு பிரதி சேமித்து வைத்திருக்க வேண்டும். நன்றாக ஓடிய மீமிலிருந்து ஸ்டிக்கரும் செய்யலாம். வட்ஸ்அப்பிலேயே படத்தை வெட்டி ஸ்டிக்கராக்கும் வசதி உண்டு, வெளியில் செய்தால் 512க்கு 512 பிக்சல், பின்னணி இல்லாமல். ஸ்டிக்கரில் இரண்டு வரிக்கு இடமில்லை. மதிலையும் வானத்தையும் வெட்டியெறிந்து, குரங்கின் காலடியில் ‘நூத்திட்டுப் போயிட்டார்’ என்று மட்டும் வைத்தேன். இப்போது மின்சாரம் நிற்கும் ஒவ்வொரு முறையும் எங்கள் குடும்பக் குழுவில் முதலில் வந்து விழுவது அந்த ஸ்டிக்கர்தான், பெரும்பாலும் அம்மம்மாவிடமிருந்து.