நாலு ஸ்பீக்கர் பெட்டியை 8 ஓமுக்கு மாற்றியது

பாளையங்கோட்டையில் எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்குப் பழைய கிட்டார் கேபினெட் ஒன்று வந்தது. உள்ளே நாலு 8 ஓம் ஸ்பீக்கர் (ஓம் என்பது மின்தடையின் அளவு). சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப் சூடாகி நின்றுவிடும். ஆம்ப் வயரைச் செருகும் ஜாக்கில் மல்டிமீட்டர் வைத்தேன்: 1.6 ஓம். நாலும் பேரலலில் (பிளஸ் எல்லாம் ஒன்றாக, மைனஸ் எல்லாம் ஒன்றாக) இருந்தால்தான் இப்படி வரும், அதாவது ஆம்புக்கு 2 ஓம் லோடு; மீட்டர் கொஞ்சம் குறைத்தே காட்டும். எங்கள் டிரான்சிஸ்டர் ஆம்ப் 4 ஓமுக்குக் கீழே தாங்காது.

சரி என்று இரண்டிரண்டாக சீரிஸில் கோத்தேன், ஒன்றின் மைனஸிலிருந்து அடுத்ததன் பிளஸுக்கு. ஜோடிக்கு 16 ஓம். அப்புறம் இரண்டு ஜோடியையும் பேரலலில் சேர்த்தால் 8. மீட்டர் 6.4 காட்டும், பயப்படாதீர்கள். அது ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயிலின் (கம்பிச் சுருளின்) டிசி ரெசிஸ்டன்ஸ், அதாவது நேர்மின்னோட்டத்துக்கான தடை மட்டும்தான். மூடுமுன் 1.5 வோல்ட் பேட்டரியை ஜாக்கில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். நாலு ஸ்பீக்கரின் கோனும் (கூம்பு) ஒரே பக்கம் அசைய வேண்டும். ஒன்று எதிர்ப்பக்கம் போனாலும் பேஸ் (தாழ்ந்த ஒலி) மெலிந்துவிடும்.