மணல் முற்றத்துக்கு ஒரு பத்துமணிப்பூ

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் முற்றம் வெறும் குருமணல். ரோசா வைத்தேன், செவ்வந்தி வைத்தேன். சித்திரை வெயிலும் பின்னால் வந்த கச்சான் காற்றும் இரண்டையும் கருக்கிவிட்டன. பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் நீட்டிய ஒரு பிடி பத்துமணிப்பூத் தண்டுதான் இன்று கிணற்றடியிலிருந்து படலை வரை பாய் மாதிரி விரிந்து கிடக்கிறது. பிரேசில், ஆர்ஜென்டினா, உருகுவே பக்கத்துச் செடி இது. எங்கள் மணலில் பிறந்தது போலவே இருக்கிறது.

தண்டை விரல் நீளத்துக்குக் கிள்ளி, அடி இலைகளை உருவிவிட்டு, ஒரு நாள் நிழலில் போட்டுவையுங்கள். வெட்டின வாய் காய்ந்தால் அழுகாது. அப்புறம் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு கணு புதைய ஊன்றினால் சரி. இரண்டு கிழமைக்குள் வேர் பிடித்துவிடும். சாடியில் வைப்பவர்கள் இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பிடி மக்கிய மாட்டெரு போடுங்கள். எரு கூடினால் தண்டு நீளும், பூ குறையும்.

தண்ணீரில்தான் நான் பிழை விட்டேன். முதல் வருடம் காலையும் மாலையும் ஊற்றினேன். ஒரு மாதத்தில் அடித்தண்டு கண்ணாடி போலாகி, விரலால் அமத்தினால் நீர் கசிந்தது. மாமி வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, இதுக்குத் தண்ணி வேணுமெண்டா இலை சொல்லும்" என்றார். அது உண்மை. ஊசி இலை கொழுகொழுவென்று நின்றால் வாளியைத் தொடவே வேண்டாம். இலை மெலிந்து சுருக்கம் விழுந்தால் அடியில் நன்றாக நனையும்படி ஒரு முறை ஊற்றுங்கள். ஆடி, ஆவணி வெயிலிலும் நான் நாலு நாளைக்கு ஒரு தடவைதான் விடுகிறேன்.

வெயில் ஆறு மணித்தியாலமாவது வேண்டும். மாமரத்தடியில் வைத்த துண்டு இழுபட்டு வளர்ந்ததே தவிர, மொட்டு வைக்கவில்லை. பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். வெயில் ஏற விரியும், பின்னேரத்துக்குள் சுருங்கும், மந்தார நாளில் விரியவே மாட்டாது. விரிந்த பூவின் நடுவில் மகரந்தக் கம்பிகளை ஒரு ஈர்க்கால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், தொட்ட பக்கமே சாய்ந்து வரும். நான் இன்னும் அதைப் பார்க்கக் குந்துகிறேன்.

நடுவில் மொட்டையாகத் தெரிந்தால் பாதிக்கு வெட்டி, வெட்டின தண்டை அந்த இடத்திலேயே ஊன்றிவிடுங்கள். மாவுப்பூச்சி பிடித்தால் அந்தத் துண்டைக் கிள்ளி எறிந்தால் போதும்.

ஐப்பசி மழைக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. திருகோணமலையில் மாரி வந்தால் இந்தச் செடி ஊறி அழுகும். ஒரு சாடி நிறையத் தண்டு ஊன்றி, சாரல் படாமல் தாழ்வாரத்தில் வைத்துவிடுங்கள். காய்களையும் பாருங்கள். முற்றின காயின் மேல் பாதி சின்ன மூடி போலக் கழன்று வரும், உள்ளே ஈயம் போல மினுங்கும் பொடி விதைகள். இவற்றை மண்ணால் மூடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். தை முடிந்து மழை விட்டதும் மேலே தூவிவிடுங்கள். தானாகக் கொட்டின விதையும் சிவப்பு நூல் போல அங்கங்கே எழும்பும். அந்த நாட்களில் முற்றம் கூட்டும்போது ஈர்க்குமாறைக் கொஞ்சம் மெதுவாகப் போடுங்கள்.