குழு தொடங்குவதற்கு முன் ஒரு கொப்பி: மலையகச் சபைகளுக்கான கைபேசி வழிகாட்டல்

இலங்கையில் 1854ஆம் ஆண்டு தொடங்கிய அங்கிலிக்கன் தோட்ட மிஷனின் உபதேசிமார் தோட்டம் தோட்டமாகச் சென்று மக்களைச் சந்தித்தனர். அந்த நடையில் ஒரு பகுதியை இன்று கைபேசி மிச்சப்படுத்தலாம். ஆனால் யார் எந்த லயத்தில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில்), எந்த நிலையில் இருக்கிறார் என்று தெரியாமல் வாட்ஸ்அப் குழு தொடங்கும் சபைக்குக் கிடைப்பது ஓர் எண் பட்டியல் மட்டுமே.

ஆகவே முதலில் ஒரு கொப்பியை எடுங்கள். லயம் வாரியாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அந்த வீட்டில் இணைய வசதியுள்ள கைபேசி இருக்கிறதா, பகலில் அது யாரிடம் இருக்கும், கொழும்பில் வேலை செய்பவர் யார், வெளிநாடு சென்றவர் யார், வாசிக்கச் சிரமப்படுபவர் யார் என்று எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஒரே கைபேசி, அதுவும் மகனுடையது, அவர் ஹட்டனுக்கு வேலைக்குப் போனால் அதுவும் கூடவே போய்விடும் என்ற நிலையைச் சில வீடுகளில் காண்பீர்கள். அந்தத் தாயாருக்கு அனுப்பிய அறிவித்தல் அவரை எட்டியதாக நாம்தான் நினைத்துக்கொண்டிருப்போம்.

அடுத்து, நிர்வாகிகள் மட்டுமே செய்தி இடக்கூடிய அறிவித்தல் குழு ஒன்றை அமையுங்கள். எல்லோரும் எழுதக்கூடிய குழு, காலை வணக்கப் படங்களால் நிறைந்து, மரண அறிவித்தலே கண்ணில் படாமல் போகும் இடமாக ஒரு மாதத்தில் மாறிவிடும். எங்கள் சபையில் அப்படித்தான் ஆனது. நிர்வாகிகள் குறைந்தது மூவராவது இருக்கட்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். ஜெப விண்ணப்பங்களைக் குழுவில் கேட்க வேண்டாம். வீட்டுப் பிரச்சினையையோ நோயையோ போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ தனியே சொல்ல வழியிருந்தால்தான் மக்கள் மனம் திறப்பார்கள்.

எழுத்தைவிடக் குரல் மலையகத்துக்கு நன்றாகப் பொருந்தும். வாசிக்க இயலாத முதியவரும் கேட்கலாம், காணொளியைவிட டேட்டாவும் மிகக் குறைவாகவே செலவாகும். இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத குரல் பதிவில் வேதபகுதியையும் அந்த வாரச் செய்தியையும் பழகிய ஒருவர் பேசி, மாலை ஏழு மணியளவில் அனுப்பலாம். காலையில் அனுப்புவதால் பயனில்லை. கொழுந்து எடுப்பவர்கள் அப்போது மலையில் இருப்பார்கள்.

நேரலையைப் பற்றி நமக்குள்ள ஆசை அளவுக்கு மிஞ்சியது என்பது என் கருத்து. சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் பாதி ஆராதனை உறைந்த படமாகவே போகும். மேலும், நாம் காலை எட்டரைக்குத் தொடங்கும்போது குவைத்தில் காலை ஆறு மணி. வீட்டு வேலைக்குச் சென்ற சகோதரிக்கு அந்த நேரம் கைபேசியைத் தொடவே முடியாதிருக்கலாம். பிரசங்கத்தை மட்டும் ஒலிப்பதிவு செய்து அன்றிரவே அனுப்பினால், அவர் தமக்கு ஓய்வு கிடைக்கும் வேளையில் கேட்பார். முகநூலில் காணொளி இடுவதானால், கசெட்டுப் பாடல்களைத் தவிர்த்துச் சபையார் பாடும் பழைய கீர்த்தனைகளை இடுங்கள். பிறருடைய பதிவுகளைச் சேர்த்தால் முகநூல் ஒலியை நிறுத்திவிடக்கூடும்.

படங்களில் கண்டிப்பு தேவை. ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரின் சம்மதமின்றி இடக்கூடாது. உலருணவுப் பொதியை நீட்டும் கையையும் வாங்கும் முகத்தையும் ஒருபோதும் இட வேண்டாம். வாங்கியவர் மறுநாள் அதே லயத்தில் நடமாட வேண்டியவர். காணிக்கையைத் தனிநபர் கணக்குக்குக் கேட்காமல், சபையின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டுமே பெறுங்கள். கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணைக் கேட்டு வாட்ஸ்அப் கணக்கைக் கைப்பற்றிப் பணம் கேட்கும் மோசடி பரவலாக இருப்பதால், நிர்வாகிகள் இரு படிச் சரிபார்ப்பை (கூடுதலாக ஓர் இரகசிய எண்ணையும் கேட்கும் அமைப்பை) இயக்கி வைப்பது அவசியம்.

மழைக்காலத்தில் இந்தக் குழுவே உயிர் காக்கலாம், வதந்தியாலும் நிறையலாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்ததை நாம் மறக்கவில்லை. மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டதா என்று பார்த்த பின்பே பகிர வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கம் குழுவின் விவரப் பகுதியில் எப்போதும் இருக்கட்டும். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் முகநூலும் வாட்ஸ்அப்பும் நாடு முழுவதும் பல நாட்கள் முடக்கப்பட்டிருந்தன. சபையாரைத் தேட மிகவும் தேவைப்பட்ட நேரத்திலேயே அவை இல்லை. ஆகையால் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்து, சாதாரண அழைப்பில் ஒருவர் ஐந்து வீடுகளுக்குச் சொல்லும் ஏற்பாட்டைக் கொப்பியிலேயே எழுதி வையுங்கள்.

கைபேசி இல்லாத வீட்டுக்கு அடுத்த காம்பராக்காரர் (பக்கத்து லய அறையில் இருப்பவர்) ஒருவர் பொறுப்பேற்று, குரல் பதிவை இஸ்தோப்பில் (முன் திண்ணையில்) வைத்துக் கேட்கச் செய்யலாம். மாதத்தின் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்தபின், ஆலயத்திலும் காணாத, குழுச் செய்திகளுக்குத் தனியேயும் பதில் தராதவர்களின் பெயர்களைக் குறித்து, அந்த வாரமே இருவர் நேரில் சென்று பார்க்கட்டும். போகும்போது கொப்பியையும் எடுத்துச் சென்று எண்களைச் சரிபாருங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்களின் எண் அநேகமாக மாறியிருக்கும்.