பிலிம் காப்புரிமை: 'இது யாருக்கும் தோன்றுமே' என்று சொல்லும் முன்

புகைப்பட பிலிம் பற்றிய ஒரு கண்டுபிடிப்பின் காப்புரிமை விண்ணப்பத்தைப் படித்ததும் 'அட, இவ்வளவுதானா!' என்று தோன்றினால் கொஞ்சம் நிதானியுங்கள். விடை தெரிந்த பிறகு எந்தக் கணக்கும் சுலபம்தான். அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு கேட்பது வேறு: விண்ணப்பம் தாக்கலாவதற்கு முன்பே, அத்துறையில் சராசரித் திறமை உள்ள ஒருவருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா?

1920களில் ஒரு ஜெலட்டினில் செய்த எமல்ஷன் (பிலிமில் பூசும் ஒளியுணர் கலவை) வேகமாக இருக்கும், அதாவது குறைந்த வெளிச்சத்திலேயே படம் பதியும்; இன்னொன்றில் செய்தது மந்தமாக இருக்கும். ஜெலட்டினில் துளியளவு கலந்திருந்த கந்தகச் சேர்மங்களே காரணம் என்று கோடக் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்டு கண்டுபிடித்தார். கடுகுக் காரத்துக்குக் காரணமான சேர்மத்தின் இனம் அது! இன்று மாணவர்கூட 'கந்தகம் சேர்த்துப் பார்' என்பார். அந்த அறிவை 1920க்குக் கொண்டுபோய் வைத்து மதிப்பிடக் கூடாது.

அடுத்தது, இரண்டு பழைய ஆவணங்களை ஒட்டவைத்து 'எல்லாம் இதிலேயே இருக்கிறது' என்பது. சேர்க்கச் சொல்லும் வாசகம் எழுத்திலேயே இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை 2007இல் கே.எஸ்.ஆர். வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தளர்த்தியது உண்மை. ஆனாலும் சேர்ப்பதற்கு ஒரு காரணம் காட்டத்தான் வேண்டும். பலிக்கும் என்ற நியாயமான எதிர்பார்ப்பும் வேண்டும். எடுத்துக்காட்டாக, பிலிமைக் கூடுதல் நிற ஒளிகளுக்கும் உணர்வுள்ளதாக்கும் ஒளியுணர்வுச் சாயம், எமல்ஷனில் உள்ள சில்வர் ஹாலைடு (ஒளிபட்டால் மாறும் வெள்ளிச் சேர்மம்) படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு வேலை செய்வது. ஒரு எமல்ஷனில் அழகாக நடந்துகொண்ட சாயம் இன்னொன்றில் வெளிச்சமே படாமல் கருமை கிளப்பலாம். அதற்காக 'வேதியியலைக் கணிக்கவே முடியாது' என்று விண்ணப்பதாரர் கைவிரித்தாலும் எடுபடாது. சட்டம் கேட்பது முழு உறுதியை அல்ல.

பெரும்பாலும் சறுக்குவது சோதனைத் தரவில்தான். பழைய சாயத்தில் ஒரு மீத்தைல் தொகுதியை (மூலக்கூறின் ஒரு சிறு பகுதி) சற்றே பெரிய எத்தைலாக மாற்றியிருக்கிறார்கள் என்று வையுங்கள். அமைப்பு இவ்வளவு நெருக்கமாக இருந்தால், எதிர்பாராத பலன் ஒன்றைக் காட்டினால்தான் பிழைக்க முடியும். அப்போது சாயமே இல்லாத பிலிமோடு ஒப்பிட்டு 'வேகம் கூடியது' என்பது வீண் வேலை. அந்த மீத்தைல் சாயத்தோடுதான் ஒப்பிட வேண்டும். படிக அளவு, பூசிய வெள்ளியின் எடை, டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் கரைசல்), நேரம் எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகம் கூடியது சாயத்தாலா, பெரிய படிகத்தாலா என்று யார் சொல்வது?

அப்புறம், படிகத்தில் அயோடைடு 3 சதவீதம் இருக்கும்போது மட்டும் சோதித்துவிட்டு 1 முதல் 20 சதவீதம் வரை உரிமை கேட்பார்கள். 3இல் கிடைத்த வியப்பு 20இலும் கிடைக்கும் என்று நம்ப ஆதாரம் எங்கே என்றுதான் காப்புரிமை அலுவலகப் பரிசோதகர் முதலில் கேட்பார்.