கணக்கு முதலில், பேக்கேஜ் அப்புறம்

இரண்டு சர்வர்கள், அவற்றைத் தானாக அமைக்கும் ஒரே அன்சிபிள் பிளேபுக் (வேலைப் பட்டியல்), நெட்வொர்க் வழியே இரண்டும் பயன்படுத்தும் ஒரே என்எஃப்எஸ் கோப்புப் பகிர்வு. ஆனாலும் இரண்டாவதில் மட்டும் எங்கள் சர்வீஸ் 'பெர்மிஷன் டினைட்' என்று நின்றது. பயனர் பெயர் இரண்டிலும் ஒன்றுதான். அரை நாள் பிளேபுக்கையே குடைந்தேன்.

பிறகு, கோப்பின் உரிமையாளரைப் பெயருக்குப் பதில் எண்ணாகக் காட்டும் 'எல்எஸ் -எல்என்' கொடுத்துப் பார்த்தேன். கோப்புகளின் உரிமையாளர் எண் 112. இரண்டாவது சர்வரில் அதே பயனருக்கு 115. அங்கே வேறு பேக்கேஜ்கள் முன்பே ஏறியிருந்தன. டெபியன் லினக்ஸில் சர்வீஸ் ஓடுவதற்கான பயனர் கணக்கைப் பெரும்பாலும் பேக்கேஜின் போஸ்ட்இன்ஸ்ட் (நிறுவும்போது ஓடும்) ஸ்கிரிப்ட்தான் உருவாக்கும். 100 முதல் 999 வரை காலியாக இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளும். எங்கள் பகிர்விலோ அனுமதியைத் தீர்மானிப்பது எண், பெயரல்ல.

சரி, குரூப்பையும் பயனரையும் 812 என்ற நிலையான எண்ணோடு உருவாக்கும் டாஸ்க்குகளை, பேக்கேஜ் டாஸ்க்குக்கு மேலே ஏற்றினேன். சிஸ்டம் கணக்கு ஏற்கெனவே இருந்தால் ஸ்கிரிப்ட் புதிதாக உருவாக்காது. எண் அந்த 100–999 எல்லைக்குள் இருப்பது முக்கியம். ஹோம் டைரக்டரியும் ஷெல்லும் பேக்கேஜ் எதிர்பார்ப்பதுபோலவே கொடுங்கள்.

ஓடிக்கொண்டிருந்த சர்வர்களில்தான் உண்மையான வேலை. சர்வீஸை நிறுத்தி, குரூப், பயனர் எண்களை மாற்றும் 'குரூப்மாட் -ஜி', 'யூசர்மாட் -யு' இரண்டும் கொடுத்தேன். ஹோமுக்கு வெளியே இருக்கும் பெரும்பாலான கோப்புகளின் உரிமையை யூசர்மாட் மாற்றாது. லாக், பகிர்வுக் கோப்புகளைப் பழைய எண்ணைக் கொண்டு 'ஃபைண்ட் -யுஐடி' வைத்துத் தேடி உரிமையை மாற்றியதும் சர்வீஸ் எழுந்தது.