மொட்டைமாடி வாட்டம் (நீர் வடிவதற்கான சரிவு) தவறியதும் சரிசெய்ததும்

கோபிசெட்டிபாளையத்தில் நாங்களே முன்னின்று கட்டிய வீட்டில் குடிபுகுந்த முதல் ஐப்பசியிலேயே, வடமேற்குப் படுக்கையறையின் மேற்கூரையில் சோற்றுத்தட்டு அளவுக்கு ஈரத் திட்டு ஒன்று தோன்றி, பூசிய பட்டி உப்பி உதிர்ந்தது. பெயின்டைக் குறை சொன்னவர்களே அதிகம். மழை விட்ட மறுநாள் மாடிக்குச் சென்று பார்த்தபோது, மாடித் தளத்தில் பதித்த தட்டையான ஓடான தட்டோட்டின் மீது ஒரு விரற்கடை ஆழத்துக்கு நீர் தேங்கி நின்றது. நீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்க்கும் டியூப் லெவல் பிடித்ததில், வடிகுழாயின் வாய் சுற்றியுள்ள தளத்தைவிட முக்கால் அங்குலம் உயர்ந்திருந்தது தெரிந்தது.

மேஸ்திரியை அழைத்துக் காட்டினேன். "என்ற தப்புத்தானுங்க" என்று மறுக்காமல் ஒப்புக்கொண்டு, அவர் கூலி வாங்காமலே வேலையைச் செய்து தந்தார். வாட்டர்புரூஃப் பெயின்ட் மட்டும் அடித்துவிடலாம் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. நீர் தேங்கும் இடத்தில் எந்தப் பூச்சும் நெடுநாள் நிலைக்காது. அந்தப் பகுதித் தட்டோட்டைப் பெயர்த்து, குழாய் வாயைத் தாழ்த்தி, 10 அடிக்கு 1¼ அங்குலம் வாட்டம் வரும்படி மீண்டும் பதித்து, கைப்பிடிச் சுவரோர மூலையைக் கலவையால் வளைவாக மூடினோம். ஒரு வாரம் நனைத்த பிறகு, வடிகுழாயை அடைத்து 48 மணி நேரம் நீர் தேக்கிப் பார்த்தோம். உள்ளே புது ஈரம் ஒரு பொட்டும் இறங்கவில்லை. கூரை முழுவதும் உலர வேண்டும் என்பதால், தை பிறக்கும்வரை பட்டி பூசாமல் விட்டிருந்தோம்.