டியூப் ஸ்க்ரீமர்: எந்தக் குமிழை முதலில் திருப்புவது?

டியூப் ஸ்க்ரீமர் என்பது கிட்டார் ஒலியை உறுமவைக்கும் பெடல். அதன் ஐபனீஸ் டிஎஸ்9 மாடலில் டிரைவ் (உறுமலின் அளவு), டோன் (ஒலியின் கூர்மை), லெவல் (சத்தம்) என மூன்றே குமிழ்கள். முதலில் பெடல் இல்லாமல் ஆம்ப்பை (கிட்டார் ஒலிபெருக்கியை) சரிசெய்யுங்கள். அப்புறம் டிரைவை முழுக்கக் குறைத்து, டோனை நடுவில் வைத்து, பெடலை ஆன், ஆஃப் செய்தபடியே இரண்டிலும் சத்தம் ஒன்றாகக் கேட்கும்வரை லெவலை ஏற்றுங்கள், ஏனென்றால் சத்தம் கூடினாலே ஒலி நன்றாகிவிட்டதாகக் காது ஏமாந்துவிடும். இனி டிரைவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தி மீட்டினால் உறுமல் என்று வரும் இடத்தில் நிறுத்தி, லெவலை மறுபடி பாருங்கள். டோன் கடைசியில்தான். இந்தப் பெடல் 720 ஹெர்ட்ஸ் பக்கம் நடு ஒலியைத் தூக்கிக்காட்டும், பேஸ் (அடி ஒலி) மெலியும். அந்த பேஸை ஆம்ப்பில்தான் ஏற்றவேண்டும், டோன் குமிழால் வராது. ஏற்கெனவே உறுமுகிற வால்வ் ஆம்ப் (வெற்றிடக் குழாயில் இயங்குவது) என்றால் வேறு கதை: டிரைவ் பூஜ்யம், லெவல் முழுசு, அவ்வளவுதான்.